கதிரை யாருக்கென்று சொல்லக்கூடாது

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு நாட்காட்டிகள் ஓடின. ஒன்று, சமையலறைச் சுவரில் தொங்கும் கோவில் நாட்காட்டி. மற்றது மருமகனின் வாயில் இருந்தது. குளிர் விடுமுன் ரக்பி. மார்ச் முதலாம் திகதி, அவர்களுடைய தேசிய நாளுக்கு, சட்டையில் மஞ்சள் டஃபடில் பூ. மே மாதம் வேல்ஸ் பாராளுமன்றத் தேர்தல். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்களுடைய பெரிய மொழி விழா. நாங்கள் இருப்பதோ லண்டனின் கிழக்குக் கோடியில், குட்மேய்சில். வேல்சுக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலாந்து முழுவதும் கிடக்கிறது. ஆனால் மகள் வேல்ஸ்காரனைக் கட்டிவிட்டால் மாமனாருக்கு விலக்கு இல்லை.

மருமகன் நல்ல பிள்ளை. வேல்சின் வடக்குப் பக்கத்தான். தாய் தகப்பனோடு தன் மொழியில்தான் பேசுவான். பெப்ரவரியில் இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்துக்காக ஹவுன்ஸ்லோப் பக்கத்து மைதானத்துக்குப் போய், வேல்ஸ் தோற்றதில் முகம் செத்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தான். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது. தேர்தல் காலத்தில் அதைவிட மோசம். லண்டனில் வசிப்பவனுக்கு அங்கே வாக்கே கிடையாது. ஆனாலும் முடிவு வருமட்டும் போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வாக்கில்லாத தேர்தலுக்காகத் தூக்கம் கெடுகிற வியாதி இலங்கையை விட்டு வந்த எங்கள் ஆட்களுக்குத் தெரியாததா?

எனக்குப் பிரச்சினை மருமகன் அல்ல, மகள். லண்டனில் பிறந்தவள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு நான் இழுத்துக்கொண்டு போவேன். அழுதுகொண்டு போய் அழுதுகொண்டு வருவாள். வேல்ஸ் மொழி வகுப்புக்கு யாரும் இழுக்காமல் தானாகப் போனாள். பேசப் பழகினாள், பிறகு எழுதப் பழகினாள், பிறகு கவிதை என்றாள். எனக்கு எரிச்சலே வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் எழுதுவது சும்மா கவிதையும் இல்லை, கறாரான மரபுக் கவிதை. வரியின் முதற்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் மறுபாதியிலும் அதே ஒழுங்கில் வரவேண்டுமாம்.

"வெண்பா மாதிரியோ?" என்று கேட்டேன்.

"அதைவிடக் கஷ்டம், அப்பா."

"வெண்பாவை நீ எங்கை கண்டனி?" என்று பாய்ந்தேன். அவள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

இங்கே என்னுடைய ஒரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் கதவுக்கு முதுகு காட்டி இருப்பதில்லை. கல்யாண வீடென்றாலும், வங்கியென்றாலும், பல் டாக்டரின் அறையென்றாலும் என் கண்ணுக்கு வாசல் தெரியவேண்டும். குட்மேய்சில் வெகுகாலம் பத்திரிகைக் கடை நடத்தினேன். கவுண்டருக்குப் பின்னால் சுவர், முன்னால் வாசல். நான் அந்தக் கடையை வாங்கியதே அதற்காகத்தான் என்று மனைவி கேலி செய்வாள். அந்த மார்ச் மாதம் சம்பந்திமார் எங்களை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும், சம்பந்தியம்மா இருந்த இடத்தைக் கேட்டு வாங்கி, அதில் இருந்தேன். பாவம், அவர் தட்டையும் கிளாசையும் தூக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தனியாக வந்தாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள். நல்ல செய்திக்கு எங்கள் வீட்டில் யாரும் கதவு சாத்துவதில்லை.

"அப்பா, அம்மா, எனக்குக் கதிரை கிடைச்சிருக்கு."

பெரிய மொழி விழாவில் மரபுக் கவிதைக்குக் கொடுக்கும் முதற்பரிசு ஒரு கதிரை, உட்காரும் நாற்காலியேதான். ஒவ்வோர் ஆண்டும் அதற்கென்றே புதிதாக மரத்தில் செய்வார்கள். அந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று மருமகன் பலமுறை சொல்லியிருக்கிறான். மனைவி மகளைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். மகள் அவளை மெல்ல விலக்கினாள்.

"அம்மா, சீரியசாச் சொல்லுறன். அவருக்கும் உங்களுக்கும்தான் தெரியும், வேறை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

முறையை விளக்கினாள். கவிதையைப் புனைபெயரில்தான் அனுப்பவேண்டும். எழுதியவர் யார் என்று நடுவர்களுக்கே தெரியாது. விழாக்காரரில் ஓரிருவருக்கு மட்டும் தெரியும். வென்றவருக்கு முன்கூட்டியே சொல்வார்கள், ஆனால் அவர் வாய் திறக்கக்கூடாது. அன்றைக்குச் சனத்தோடு சனமாக மண்டபத்தில் இருக்கவேண்டும். மேடையில் புனைபெயரைக் கூப்பிட்டு, எக்காளம் ஊதிய பிறகுதான் எழும்பலாம். அந்த நிமிடத்துக்காகத்தான் நாடு முழுவதும் காத்திருக்கும்.

"வெளியிலை தெரிஞ்சா?" என்றேன்.

"பரிசைத் தருவாங்களோ தெரியாது. தந்தாலும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதிரையிலை நான் எப்பிடி இருக்கிறது? அப்பா, அங்கை சிலருக்கு நான் வெளியாள். ரகசியம் வைச்சிருக்கத் தெரியாதவள் எண்ட பேரும் வேணுமா?"

"என்னத்தைப் பற்றி எழுதினனி?"

"அண்டைக்குக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சனத்திடம் ஒரு ரகசியத்தை ஆகஸ்ட் வரை வைத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. காலையில் இல்ஃபோர்டில் ஒருவர் கார் வாங்கினால் மத்தியானம் எட்மண்டனில் அதன் நிறம் தெரியும். நான் தொலைபேசி எடுப்பதைக் குறைத்தேன். கொண்டாட்டங்களுக்குப் போனால் சாப்பிட்டவுடன் கிளம்பினேன். "மகள் எப்பிடி?" என்று யாராவது கேட்டால் வியர்த்தது. மனைவி மட்டும் அமைதியாக இருந்தாள். அந்த அமைதியை நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலில் எங்கள் அபிஷேகம் என்று மனைவி கூட்டிக்கொண்டு போனாள். வழக்கமான உபயம் என்றுதான் நான் நினைத்தேன். பூசை முடிந்தது. எல்லோரும் திருநீற்றுக்காக நின்றார்கள். மனேஜர் மைக்கை எடுத்தார். எங்கள் இருவர் பெயரையும் சொன்னார். பிறகு, மணி மணியாக, "வேல்ஸ் நாட்டின் மாபெரும் கவிதைப் போட்டியில் முதற்பரிசாகக் கதிரை வென்ற தமது மகளுக்காக, நேர்த்தி வைத்து நிறைவேற்றும் அபிஷேகம்" என்றார்.

தூணில் பொருத்தியிருந்த கமராவின் சிவப்பு வெளிச்சம் அப்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமைப் பூசையை இணையத்தில் நேரலையாகவும் விடுகிறார்கள். இங்கே நின்றவர்கள் மட்டுமல்ல, வீட்டில் இருந்து பார்ப்பவர்களும் கேட்டுவிட்டார்கள்.

மனைவியைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "ஏன் சொன்னனீர்?"

"நான் ஆருக்கும் சொல்லேல்லை. பிள்ளையாருக்குத்தான் சொன்னனான்."

"பிள்ளையார் மைக்கிலை பேசுறவரோ?"

"சங்கல்பத்துக்கு என்ன காரியம் எண்டு பதியேக்கை மனேஜர் கேட்டார். கடவுளுக்கு முன்னாலை பொய் சொல்லுறதோ? மைக்கிலை சொல்லச் சொல்லி நான் கேட்டனானே?" நேர்த்தி வைத்தால் தீர்க்கவேண்டும், தீர்த்தால் காரணம் சொல்லவேண்டும். அவளுடைய கணக்கில் பிழையே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளும் பொருத்தமில்லை, பிள்ளையாரும் பொருத்தமில்லை.

மனேஜரிடம் ஓடினேன். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

"அண்ணை, சந்தோசமான விசயந்தானே. ஏன் ஒளிக்கிறியள்? நாவூறு எண்டு பயமோ?"

கடவுளே அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டார். "ஓம், நாவூறுதான்" என்றேன். "பிள்ளைக்கு இன்னும் கையிலை கிடைக்கேல்லை. கண்பட்டா எல்லாம் போயிடும்."

விழா விதி, நடுவர், புனைபெயர் என்று நான் விளக்கியிருந்தால் அவர் சிரித்திருப்பார். நாவூறு என்றதும் முகம் மாறியது. அங்கேயே நின்று வீடியோவை அழித்தார். வாசலில் நின்று, வெளியே போன ஒவ்வொருவரிடமும் "சொல்லாதேங்கோ, கண்பட்டிடும்" என்றும் சொன்னார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எங்கள் சனத்துக்கு வாய்ப்பூட்டுப் போட அதைவிட நல்ல பூட்டு இல்லை.

ஆனால் நேரலையைப் பார்த்தவர்கள்? அவர்களை எந்த வாசலில் போய் மறிப்பது? அன்றிரவு நான் படுக்கவில்லை, உருண்டேன்.

மறுநாள் காலையில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல், யாழ்ப்பாணத் தமிழ். வேல்சின் தலைநகர் கார்டிஃபில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை செய்பவராம். பிள்ளைகள் இருவரும் வேல்ஸ் மொழிப் பள்ளியில் படிக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைகளில் சமைத்துக்கொண்டே எங்கள் கோவில் பூசையைப் பார்ப்பாராம். கோவிலில் கேட்டு என் இலக்கத்தை வாங்கியிருக்கிறார்.

"அண்ணை, கதிரை எண்டு சொன்னாங்கள். இந்த வருசக் கதிரையோ?"

உலகத்தில் தமிழும் தெரிந்து, அந்தக் கதிரையின் பெறுமதியும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதில் ஒருவர் அந்த நேரம் பார்த்து அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறார். மறுக்கவேண்டும் என்று மூளை சொன்னது. ஒரு பொய்கூட வரவில்லை.

நான் பேசாமல் நின்றது அவருக்குப் பதிலாகப் போயிருக்க வேண்டும். "சரி அண்ணை" என்றார். "நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை பிள்ளையளுக்குக்கூடச் சொல்லமாட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு மட்டும் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அண்டைக்கு மண்டபத்திலை சனம் எல்லாம் திரும்பித் திரும்பித்தான் பாக்கும். புது முகம் ஆர், ஆரின்ரை தாய் தேப்பன் வந்திருக்கினம் எண்டு. நீங்கள் ரெண்டுபேரும் சீலையும் வேட்டியுமா வந்து இருந்தா, பேரைக் கூப்பிட முன்னமே எல்லாருக்கும் விளங்கிடும்."

"நாங்கள் கோட் போட்டுக்கொண்டு வந்தா?"

"அண்ணை, கோட் போட்டாலும் எங்கடை முகம் எங்கடை முகந்தானே."

தொலைபேசியை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனேன். மனைவி விழாவுக்கென்று வாங்கிய மாம்பழ நிறக் காஞ்சிபுரம் சீலை கட்டிலில் கிடந்தது.

விழாவுக்குப் போகாமல் வீட்டிலேயே பார்ப்போம் என்று அவளிடம் சொன்னபோது கத்தினாள். "பெத்த தாய் தேப்பன் என்னத்துக்கு ஒளிச்சிருக்க வேணும்? களவெடுத்தனாங்களோ?" பிறகு அழுதாள். பிறகு, கோவிலில் நடந்ததை நினைத்தாளோ என்னவோ, சீலையை மடித்து அலுமாரியில் வைத்தாள். ஒளித்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை. நல்ல காரியம் ஒன்றுக்காக ஒளித்திருப்பதுதான் புதிது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கோவிலையும் சேர்த்து. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நீங்க இல்லாம எப்பிடி அப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஜூலை முழுவதும் பயத்திலேயே போனது. லண்டனிலிருந்து யாரோ ஒரு புதியவருக்குத்தான் இந்த முறை கதிரை என்று இணையத்தில் யாரோ எழுதியிருப்பதாக மருமகன் ஒருநாள் சொன்னான். ஆண்டுதோறும் இப்படி ஏதாவது ஊகம் வரும் என்றும் சொன்னான். அது எங்கள் மைக்கில் புறப்பட்டதா, தானாக முளைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி ஒவ்வொரு வெள்ளியும் கோவிலுக்குப் போய் வாய் திறக்காமல் கும்பிட்டு வந்தாள்.

அந்த நாள் வந்தது. மத்தியானமே முன்னறைத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். மனைவி அந்தச் சீலையைக் கட்டியிருந்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் வழக்கமான மூலையில், வாசல் தெரிய இருந்தேன்.

மண்டபம் நிறையச் சனம். மேடையில் வெள்ளை, நீலம், பச்சை என்று நீள அங்கி போட்ட புலவர்கள். நடுவில் அந்தக் கதிரை, யாருமில்லாமல். நடுவர்களில் ஒருவர் தீர்ப்பு வாசிக்கத் தொடங்கினார். தோற்றவர்களின் கவிதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து மேய்ந்தார். பேச்சு வேல்ஸ் மொழியில், அடியில் ஆங்கில எழுத்து. என் கண்ணாடி மங்கியது. துடைத்துத் துடைத்து வாசித்தேன்.

பிறகு வென்ற கவிதைக்கு வந்தார். அது ஒரு மனிதனைப் பற்றிய கவிதை என்றார். தூர நாட்டிலிருந்து வந்து லண்டனில் கடை வைத்திருக்கும் மனிதன். எங்கே போனாலும் கதவைப் பார்த்துத்தான் இருப்பான். கல்யாண வீட்டில் இருப்பான், ஆனால் மணமக்களைப் பார்க்கமாட்டான், வாசலைத்தான் பார்ப்பான். யார் வரக்கூடும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவனுடைய பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தே அந்தக் கதவைப் படித்திருக்கிறாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் திரும்பவில்லை.

ஊரில், சண்டைக் காலத்தில், என் அண்ணா சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் அவரைப் பிடிக்க வந்தார்கள். அவருடைய முதுகு வாசலுக்கு. எதிரே இருந்த நான் கண்டேன். கத்த வாய் வரவில்லை. அவர் அதன் பிறகு திரும்பி வரவில்லை. இதை மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை, மகளுக்கும் இல்லை. இப்போது ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் என் முதுகு கிடந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவளுடைய ரகசியத்தைக் காக்க நான் நாயாய் அலைந்தேன், அவள் என்னுடையதை எடுத்து மேடையில் வைத்துவிட்டாள் என்று நெஞ்சு கொதித்தது.

தலைமைப் புலவர் முன்னால் வந்தார். "மகள் என்ற புனைபெயரில் எழுதியவர், அவர் மட்டும், எழுந்து நிற்கட்டும்" என்று அடியில் எழுத்து வந்தது. எக்காளம் ஊதியது. மண்டபம் இருண்டு, ஒரு வெளிச்சம் மட்டும் சனத்துக்கு மேலால் தேடிக்கொண்டு போனது. தேடித் தேடி, நடுவில் ஒரு கறுத்த தலையில் நின்றது. என் பிள்ளை எழுந்து நின்றாள். சனம் ஒரு கணம் மூச்சை இழுத்ததை நான் குட்மேய்சில் இருந்து கேட்டேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிறகு மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலுக்குள் கார்டிஃப் தங்கச்சியின் கையும் இருந்திருக்கும்.

ஊதா நிற அங்கி போர்த்து அவளை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். கதிரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரு பெரிய வாளைக் கொண்டுவந்து பாதி உருவினார்கள். தலைமைப் புலவர் கேட்டார்: "சமாதானம் உண்டா?" சனம் முழுவதும் "சமாதானம்" என்று ஒரே குரலில் சொன்னது. வாள் உறைக்குள் போனது. திரும்ப உருவினார்கள். திரும்பக் கேட்டார்கள். மூன்று தரம் கேட்பது அவர்களின் முறை. சமாதானம் இல்லையென்றால் கதிரையில் இருத்தமாட்டார்களாம்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பலரை நான் கண்டவன். வாளைப் பாதி உருவி வைத்துக்கொண்டு, உண்டா என்று சனத்தைக் கேட்டவர்களை அன்றைக்குத்தான் கண்டேன். மேடையில் மகள் நேரே கமராவைப் பார்த்தாள்.

"இருக்கு எண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி. "பிள்ளை நிக்கிறாள்."

மூன்றாம் தரம் கேட்டார்கள். "ஓம்" என்றேன். வாள் உறைக்குள் போனது, என் பிள்ளை கதிரையில் இருந்தாள்.

விழா முடிந்த கிழமை, மகளும் மருமகனும் வாடகை வான் ஒன்றில் கதிரையைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பிளாட்டின் படிக்கட்டில் அது ஏறவில்லை. கனமான ஓக் மரம், முதுகு உயரம், கை அகலம். எங்கள் முன்னறையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தோம். ஹீட்டர் ஒரு பக்கம், சோபா ஒரு பக்கம். கடைசியில் ஒரே ஒரு விதமாகத்தான் நின்றது, முதுகு வாசலுக்கு.

"வேறை இடம் பாப்பம் அப்பா" என்றாள் மகள். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை. நானும் கேட்கவில்லை.

"வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதில் போய் இருந்தேன்.

முதுகு கூசியது. கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிரே மகள், அவளுக்குப் பின்னால் மனைவி, மருமகன். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய கண்ணுக்கு என் பின்னால் இருந்த வாசல் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வெளிக் கதவில் யாரோ தட்டினார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். ஆனால் எழும்பவில்லை. மகள் போய்க் கதவைத் திறந்தாள்.